வராத நர்ஸ் எங்கே?

சென்ற மாதம் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாளின் பெண்ணுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரசவம். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். தாயும் சேயும் சௌக்கியம். நல்லபடியாகப் பிரசவம் பார்த்து அனுப்பிய இடத்தைப் பெயர் சொல்லிக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

ஆனால், வீடு திரும்பிய அந்த அம்மாள் முதல் காரியமாக என்னிடம் சொன்னது பேத்தியின் அழகைப் பற்றி அல்ல.

"ராத்திரி ஒரே ஒரு நர்ஸ், அம்மா! இருபத்தெட்டுக் கட்டிலுக்கு ஒரே ஒருத்தி! நான் கூப்பிட்டேன், வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். 'இரும்மா, எனக்கு என்ன பத்துக் கையா இருக்கு?' என்று எரிந்து விழுந்தாள். எனக்கும் கோபம் வந்தது. நானும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டேன்."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, குரலைத் தாழ்த்திக் கொண்டு, "விடியற்காலை மூன்று மணிக்குப் பார்க்கிறேன்; அந்தப் பெண் சுவரோரமாக நின்றபடியே ஆறிப்போன இட்லியை விண்டு வாயில் போட்டுக் கொள்கிறாள். உட்காரக்கூட இல்லை. என் பெண் வயசுதான் இருக்கும்" என்றார்.

சகோதரிகளே, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த நம்மில் பலருக்கு இந்த அனுபவம் உண்டு அல்லவா? நமக்குக் கோபம் வருகிறது. யார் மேல் வருகிறது? எதிரே நிற்கிறவள் மேல்! அன்று ராத்திரி அதே வார்டில் இருந்திருக்க வேண்டிய மற்ற நர்ஸுகள் மேல் நாம் கோபித்துக் கொள்வதில்லை. அவர்கள்தான் கண்ணிலேயே படவில்லையே! வந்தவள் திட்டு வாங்குகிறாள். வராதவளுக்கு ஒரு முகம்கூட இல்லை.

அந்த வராத நர்ஸைத் தேடிப் பிடிக்க ஓர் இடம் இருக்கிறது. அது ஆஸ்பத்திரி அல்ல, சட்டசபை. அங்கே 'கேள்வி நேரம்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய அங்கத்தினர் எழுந்து கேட்பார். மந்திரி எழுந்து பதில் சொல்ல வேண்டும். நம் தமிழ்நாட்டுச் சட்டசபையில் 2022-ம் ஆண்டு ஜனவரியில் கேள்வி நேரத்தை நேரலையாகக் காட்டவே ஆரம்பித்தார்கள். "அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?" என்கிறீர்களா? மாமியார் மருமகளைக் கேட்கும் கேள்விகளை வருஷக் கணக்கில் பார்த்துக் கொண்டிருக்கிறோம். மந்திரியைக் கேட்கும் கேள்வியை ஒரு நாள் பார்த்தால் குடி முழுகிவிடாது!

இந்தக் கேள்வி கேட்கிற உரிமை லேசில் வந்ததில்லை. வெள்ளைக்காரர் காலத்தில், 1892-ம் வருஷச் சட்டத்தில்தான் முதன் முதலாக அங்கத்தினர்கள் கேள்வி கேட்கலாம் என்று இடம் கொடுத்தார்கள். கேட்கலாம், சொன்ன பதிலை வாங்கிக் கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். "அது சரி, ஆனால்…" என்று மேலே ஒரு கேள்வி போட முடியாது. 1909-ல், கேள்வி கேட்டவர் மட்டும் ஒரு துணைக் கேள்வி போடலாம் என்று தளர்த்தினார்கள். 1919-ம் வருஷச் சட்டத்துக்குப் பிறகுதான் சபையில் இருக்கிற எவரும் துணைக் கேள்வி கேட்கலாம் என்றாயிற்று.

துணைக் கேள்வியின் அருமை நமக்குத் தெரியாததா? "எங்கே போயிருந்தாய்?" என்று பையனைக் கேட்டால், "சிநேகிதன் வீட்டுக்கு" என்பான். அது பதிலே அல்ல. "எந்தச் சிநேகிதன்? அவன் அம்மா வீட்டில் இருந்தாளா?" என்று கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். முதல் கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருப்பான். இரண்டாவது கேள்விக்குத்தான் முழி பிதுங்கும்.

1927-ல் சென்னைச் சட்டசபைக்குள் ஒரு பெண்மணி நுழைந்தார். புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1912-ல் டாக்டராக வெளியே வந்த முத்துலட்சுமி ரெட்டி அவர்கள்தான். பிரிட்டிஷ் இந்தியாவிலேயே சட்டசபையில் உட்கார்ந்த முதல் பெண்மணி அவர். சபை அவரை ஏகமனதாக உதவித் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது. தேவதாசி முறையை எதிர்த்து அவர் நடத்திய போராட்டத்தைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். அவர் அந்தச் சபைக்குள் ஒரு டாக்டராகவும் இருந்தார் என்பதைத்தான் இப்போது நினைவுபடுத்துகிறேன். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனியாக ஆஸ்பத்திரி வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகளை டாக்டர்கள் முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று அவர் விடாமல் வற்புறுத்தினார். பிரசவ அறையைக் கண்ணால் பார்த்த ஒரு பெண்மணி, மந்திரிகளுக்கு எதிரே உட்கார்ந்து பேசினார். அது அதுவரை நடக்காத காரியம்.

அந்தக் காலத்து ஏற்பாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. வைத்தியமும் சுகாதாரமும் நம்மவரான மந்திரிகள் கையில். சபைக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் நிதி இலாகாவோ கவர்னரின் நிர்வாக சபைக்காரர் கையில். அவர் சபைக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. அதாவது, சமையல் பொறுப்பு மருமகளுடையது, உக்கிராண அறைச் சாவி மாமியார் இடுப்பில்! "குழம்பு ஏன் நீர்த்துப் போயிற்று?" என்று மருமகளைத்தான் எல்லாரும் கேட்பார்கள். அவள் யாரைக் கேட்பாள்?

1930-ல் காந்திஜி கைதானபோது முத்துலட்சுமி அம்மையார் சபையிலிருந்து ராஜிநாமா செய்தார். சட்டசபையில் தாம் பெற்ற அனுபவங்களை அதே ஆண்டு ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாகவும் வெளியிட்டார். அந்த இரட்டை ஆட்சியும் 1937-ல் போயிற்று. ஆனால் உக்கிராணச் சாவி விஷயம் மட்டும் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் சுகாதார இலாகா புதிதாக ஒரு நர்ஸ் உத்தியோகத்தை உண்டாக்க வேண்டுமானால், நிதி இலாகா சம்மதித்தாக வேண்டும். ஆகவே, "நர்ஸ் போதவில்லை என்பது உண்மையா?" என்று கேட்கிற அங்கத்தினரைவிட, "கூடுதல் நர்ஸ் கேட்டு நிதி இலாகாவுக்குக் கோப்பு என்றைக்குப் போயிற்று? என்றைக்குத் திரும்பி வந்தது?" என்று கேட்கிற அங்கத்தினர் கெட்டிக்காரர். தேதி கேட்டால் பதிலிலும் தேதி வர வேண்டும்.

இப்போது நம் பக்கத்து வீட்டு அம்மாளின் வார்டுக்குத் திரும்பி வருவோம். அந்த வார்டைப் பற்றிச் சபையில் ஒருவர் கேட்டதாகவே வைத்துக் கொள்ளுங்கள். "அந்த வார்டுக்கு நான்கு நர்ஸுகள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள்" என்று பதில் வருகிறது. நான்கு பேரா! பரவாயில்லையே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பிறகு பேப்பரும் பென்சிலும் எடுத்து வைத்துக் கொண்டு கணக்குப் போட்டேன். நீங்களும் என்னோடு போடுங்கள். பால் கணக்கைவிடச் சுலபம்தான்.

ஒரு நாளுக்கு எட்டு மணி நேர வீதம் மூன்று முறை. வாரத்துக்கு 21 முறை. ஒரு நர்ஸ் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு போக 6 முறை வேலை செய்வாள். 21-ஐ 6-ஆல் வகுத்தால் மூன்றரை! ஒரே ஒரு நாற்காலி பகலும் இரவும் காலியாகாமல் இருக்கவே மூன்றரை ஆள் வேண்டும். அவளுக்கும் ஜுரம் வரும், அவள் வீட்டிலும் கல்யாணம் நடக்கும், பயிற்சிக்கு அனுப்புவார்கள். எல்லாம் சேர்ந்தால் நான்கு பேருக்கு மேல் ஆகிவிடும். ஆக, "நான்கு நர்ஸுகள்" என்று மந்திரி சொன்னால், எந்த நேரத்திலும் வார்டில் நிற்கப் போவது ஒருத்திதான்! மந்திரி பொய் சொல்லவில்லை. அந்த அம்மாளும் பொய் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மாநிலத்தில் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் பெண்களுக்கு 2021-ல் பிரசவ விடுமுறையை 12 மாதமாக உயர்த்தினார்கள். மிக நல்ல காரியம். நர்ஸுகளில் பெரும்பாலோர் பெண்கள். அதிலும் பிள்ளை பெறுகிற வயசுக்காரர்கள் அநேகம். நான்கு பேரில் ஒருத்தி பிரசவ விடுமுறையில் போனால், அவள் இடத்துக்கு ஒரு வருஷத்துக்கு யார் வருகிறார்கள்? ஒருவரும் வராவிட்டால் அந்த விடுமுறையைக் கொடுத்தது சர்க்கார் அல்ல. மீதி மூன்று பெண்கள் தங்கள் தூக்கத்திலிருந்து வெட்டிக் கொடுத்தார்கள்! "பிரசவ விடுமுறையில் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குப் பதிலாக நியமிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்?" என்று ஓர் அங்கத்தினர் கேட்டால் அவருக்கு நான் என் கையால் பாயசம் வைத்துக் கொடுப்பேன்.

இன்னும் சில வார்த்தைகளின் உள் அர்த்தத்தைத் தெரிந்து கொள்ள வேண்டும். 'பணியிடம் நிரப்பப்பட்டது' என்பார்கள். எப்படி நிரப்பினீர்கள் என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தேர்ந்தெடுக்க 2012-ல் தனியாக ஒரு தேர்வு வாரியம் ஏற்படுத்தினார்கள். அந்த வாரியம் 2015-ல் நடத்திய பரீட்சையில் தேறி ஆயிரக் கணக்கான நர்ஸுகள் வேலைக்கு வந்தார்கள். சம்பளம் என்ன தெரியுமா? மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷம் கழிந்ததும் நிரந்தரம் ஆக்குவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், ஆகவில்லை. 2017 நவம்பரில் சென்னையில் வந்து உட்கார்ந்து போராடினார்கள். புஸ்தகத்தில் பார்த்தால் அவையும் நிரம்பிய இடங்கள்தான்.

'மாற்றுப் பணி' என்று இன்னொரு வார்த்தை. சம்பளப் பட்டியலில் பெயர் ஓர் ஊரில் இருக்கும். ஆள் வேறு ஊரில் இருப்பார். இருக்கிற நர்ஸை இல்லாத இடத்துக்கு அனுப்பினால், இருந்த இடம் இல்லாத இடமாகிறது! ஒரே புடவையை இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கட்டிக் கொண்டு கல்யாணத்துக்குப் போன கதைதான்.

ஓய்வு பெறுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒருவர் எந்தத் தேதியில் ஓய்வு பெறுவார் என்பது அவர் வேலைக்குச் சேர்ந்த அன்றே பதிவேட்டில் இருக்கிறது. ஆனாலும் அந்த நாள் வந்ததும் என்னவோ இடி விழுந்த மாதிரி, "எதிர்பாராமல் காலி ஏற்பட்டுவிட்டது" என்கிறார்கள். தீபாவளி எதிர்பாராமல் வந்துவிட்டது என்று நாம் வீட்டில் சொல்ல முடியுமா?

"தமிழ்நாட்டை விடுங்கள், டில்லியில் கேட்டால் என்ன?" என்று சிலர் நினைக்கலாம். கேட்கலாம். லோக்சபையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி போடுகிறார்கள்; அவற்றுக்குத்தான் வாய்மொழியாகப் பதில், துணைக் கேள்வி எல்லாம். நட்சத்திரம் இல்லாத 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் இருபதும் முடிவது அபூர்வம். 2019 நவம்பரில் ஒரு நாள் இருபதும் முடிந்தபோது, 1972-க்குப் பிறகு இதுவே முதல் தடவை என்று செய்தி போட்டார்கள்! தவிரவும், நம் அரசியல் சட்டத்தில் பொதுச் சுகாதாரமும் ஆஸ்பத்திரிகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே டில்லி மந்திரியின் பதில் பெரும்பாலும், "சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு" என்றுதான் ஆரம்பிக்கும்.

ஆனால் டில்லியில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது, அதுதான் புள்ளிவிவரம். நாடு முழுவதும் கிராமப்புறங்களில் சமுதாய சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு நிபுணர்கள் வேண்டும்: அறுவை மருத்துவர், பிரசவ டாக்டர், குழந்தை டாக்டர், பொது மருத்துவர். மத்திய சர்க்காரின் கணக்குப்படி, 2022 மார்ச்சில் இப்படி வேண்டியிருந்த நிபுணர்கள் 21,920 பேர். இருந்தவர்கள் 4,485 பேர். நூற்றுக்கு எண்பது நாற்காலி காலி!

இதே கணக்கில் இன்னோர் எண்ணும் உண்டு. "அனுமதிக்கப்பட்ட இடங்களில் எத்தனை காலி?" என்று கேட்டால், பதில் நூற்றுக்குச் சுமார் 68 என்று வரும். எண்பது எப்படி அறுபத்தெட்டு ஆயிற்று? வீட்டில் ஆறு பேர். வாங்கியது நான்கு தட்டு. அதில் ஒன்று தொலைந்தது. "எத்தனை தட்டு தொலைந்தது?" என்றால் ஒன்று. "எத்தனை பேருக்குச் சாப்பிடத் தட்டு இல்லை?" என்றால் மூன்று. வாங்காத தட்டு தொலையாது அல்லவா? உண்டாக்காத உத்தியோகமும் அப்படித்தான்; அது காலிப் பட்டியலில் ஏறவே ஏறாது. ஆகையால் கேள்வியில் 'அனுமதி' என்ற வார்த்தை இருக்கிறதா, 'தேவை' என்ற வார்த்தை இருக்கிறதா என்று கவனித்துக் கேட்க வேண்டும்.

மந்திரிகள் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஆள் எடுக்க விளம்பரம் செய்தால் கோர்ட்டில் வழக்குப் போட்டு நிறுத்துகிறார்கள். நிபுணரான டாக்டர் ஒருவரை மலையடிவார ஊருக்கு அனுப்பினால், அவர் குழந்தைக்கு நல்ல பள்ளிக்கூடம் அங்கே இல்லை. இதெல்லாம் மெய். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காரணங்களையும் சபையில் எழுந்து நின்றுதான் சொல்ல வேண்டும் என்கிறேன். சொன்னால் அது எழுத்தில் பதிவாகும்.

பதிவானால் என்ன பிரயோஜனம்? இருக்கிறது! "விஷயம் பரிசீலனையில் இருக்கிறது", "விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது" என்று மந்திரிகள் சொல்வதைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். லோக்சபையில் 1953-ல் உறுதிமொழிக் குழு என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அந்தக் குழுவின் முறைப்படி, "பரிசீலனையில் இருக்கிறது" என்பதுகூட ஓர் உறுதிமொழிதான்! நோட்டில் எழுதிக் கொள்கிறார்கள். மூன்று மாதத்துக்குள் என்ன ஆயிற்று என்று இலாகா சொல்ல வேண்டும். முடியாவிட்டால் தவணை கேட்க வேண்டும். நம் தமிழ்நாட்டுச் சட்டசபையிலும் அத்தகைய உறுதிமொழிக் குழு இருக்கிறது. "நாளைக்குத் தருகிறேன், அக்கா" என்று பாத்திரக் கடைக்காரர் சொன்னதை நாம் காலண்டரில் தேதியோடு குறித்து வைத்துக் கொள்வதில்லையா? அதே காரியம்தான்.

இத்தனையையும் நான் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லிக் கொண்டிருந்தேன். அவர் பேத்தியின் துணிகளை மடித்துக் கொண்டே, "இவ்வளவும் எனக்கு எதற்கு?" என்றார். ஆனால் மறு நாள் மத்தியானம் ஒரு முழுத் தாளுடன் வந்து, "நான் சொல்லச் சொல்ல எழுது" என்றார்.

எழுதினேன். அந்தப் பிரசவ வார்டில் கட்டில் எத்தனை? நர்ஸ் உத்தியோகம் எத்தனை? இன்றைய தேதியில் உண்மையாக வேலை பார்ப்பவர் எத்தனை? அவர்களில் ராத்திரிக்கு எத்தனை பேர்? விடுமுறையிலும் மாற்றுப் பணியிலும் இருப்பவர் எத்தனை? ஒவ்வொரு காலியும் எந்தத் தேதியிலிருந்து காலி? 'ஏன்' என்று ஒரு கேள்விகூட அதில் இல்லை. எல்லாம் எத்தனை, என்றைக்கு!

முந்தா நாள் அதை எடுத்துக் கொண்டு எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.யின் ஆபீசுக்குப் போனோம். எம்.எல்.ஏ. ஊரில் இல்லை. உதவியாளர் ஒரு பையன் இருந்தான். காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தான். முகத்தைப் பார்த்தால் கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது.

"பாட்டி, இதை யார் எழுதிக் கொடுத்தது? யாராவது வக்கீலா?"

"வக்கீல் எதற்கு, தம்பி?" என்றார் அந்த அம்மாள். "ராத்திரி பூரா முழித்துக் கொண்டு நான் எண்ணின கட்டில் இருபத்தெட்டு. உங்கள் கணக்கில் எத்தனை வருகிறது என்று கேட்டுச் சொல்லு."

பையன் காகிதத்தின் மூலையில் தேதி முத்திரை குத்தி, அதன் நகல் ஒன்றை எங்களிடம் கொடுத்தான். அந்த நகல் இப்போது அவர் வீட்டுக் காலண்டருக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறது. சட்டசபை மறுபடி கூடுகிற தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் குறித்துக் கொடுக்கும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்.